நான் ஒரு லேப்டாப் பை

"நான் டெய்லி ஆபீஸ் போறேன்" என்றாள் வைஷு. அவள் படிப்பது நாலாம் வகுப்பு. சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள்.

வாகட் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. நடுவில் ஒரு நாற்காலி. அதில் உட்காருகிறவர் வீட்டிலுள்ள ஏதாவது ஒரு பொருளாக மாறிவிட வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பேசி முடித்ததை அப்படியே தமிழில் எழுத வேண்டும்.

கட்டுரை எழுது என்றால் பென்சிலைக் கடிக்கிற புனே பிள்ளைகளுக்காக அகல்யா கண்டுபிடித்த உத்தி இது. முதலில் வாய், அப்புறம் கை. வேலையை விட்டபின் அவளுக்கு இந்த வகுப்புதான் உயிர்.

காலையில் வெள்ளைப் பலகையைத் தூக்கி வந்து மாட்டிவிட்டுப் போனது அவள் கணவன் முகுந்த். ஹிஞ்சவடி ஆபீஸுக்கு டிராபிக்கில் பைக் ஓட்டியே மனுஷன் கழுத்து வரை கறுத்துவிட்டார், கார் வாங்கினால்தான் ஆயிற்று என்று வந்த பெற்றோரிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிக்ஸியும் குளியலறை வாளியும் பேசி முடித்துவிட்டன. வைஷு இப்போது அவள் அப்பாவின் லேப்டாப் பை.

"ஆபீஸ்ல என்ன பண்ணுவே?" என்று ஒரு பையன் கேட்டான்.

"ஆபீஸ்னு சொல்லிட்டுதான் போவேன். லேகின், அங்க போகாம பானேர் டேக்டிக்குப் போயிடுவேன்."

"டேக்டில என்ன வேலை?"

"அந்தக் குட்டி மலை மேல மரம் இருக்கு, பெஞ்ச் இருக்கு. ஈவினிங் வரைக்கும் பெஞ்ச்லயே உக்காந்திருப்பேன். அப்புறம் ஆபீஸ்லேர்ந்து வர்ற மாதிரி வீட்டுக்கு வருவேன்."

"போர் அடிக்காதா?"

"என்னை மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேக் வருமே."

"சோம்பேறி பேக்! ஊர் சுத்தற பேக்!" பிள்ளைகள் கைதட்டினார்கள். அகல்யாவும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் வைஷுவை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

"இதெல்லாம் நீயா யோசிச்சியா, கண்ணா?"

"இல்ல மிஸ். ஸ்கூல்ல மரம் நட டேக்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க அப்பா இருந்தாங்க. இனிமே ஆபீஸ் இல்லையாம். அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு காட் பிராமிஸ் பண்ணியிருக்கேன்."

"இப்ப சொல்லிட்டியே?"

"நான் சொல்லல மிஸ். பேக்தான் சொல்லுச்சு."

குழந்தை குதித்துக்கொண்டே ஓடிவிட்டது. அகல்யாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. மார்க்கர் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதைப் பலகைக்கு அடியில் தேடினாள்.

வைஷுவின் அம்மா வைஜயந்தி எதிர் ஃபிளாட்தான், நெருங்கிய சிநேகிதி. நாளைக்கு அவள் தன் வேலையை ராஜினாமா செய்யப் போகிறாள். கணவன் ராம்பிரசாத்தின் சம்பளம் இருக்கிறதே என்கிற தைரியம்.

அந்தத் தைரியத்தை ஊட்டியதே அகல்யாதான். "நான் விடலையா? முகுந்த் சம்பளத்துல எங்க குடும்பம் ஓடலையா? நீயும் விட்டுட்டு நிம்மதியா இரு வைஜு" என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். ஊருக்கு உபதேசம் என்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

வீட்டில் முகுந்த் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அகல்யா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ம்" என்றான் முகுந்த். சாதத்தில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தான்.

"என்ன, ம்? நாளைக்கு அவ பேப்பர் போட்டுட்டா அந்த வீட்டுல ஒரு சம்பளமும் கிடையாது. விடு விடுன்னு சொன்னவ நான். இப்பவே போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"சொல்லு."

"ராம்பிரசாத்தும் ராம்பிரசாத்துதான். தினம் குளிச்சு, சட்டை அயர்ன் பண்ணி, டப்பாவைக் கட்டிக்கிட்டு... முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதாங்க."

முகுந்த் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அவளைச் சொல்லணும். ஒரே வீட்டுல இருக்கா, ஒரே தட்டுல சாப்பிடறா. புருஷன் மூஞ்சியைப் பார்த்தா ஒரு பொண்டாட்டிக்குத் தெரியாதா? இப்படியா ஒருத்தி மக்கா இருப்பா?"

சாதம் கூழாகிவிட்டிருந்தது. ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

"சாப்பிடுங்க. நான் போய்ட்டு வந்துடறேன்" என்று அகல்யா கதவைத் திறந்தாள்.

"அகல்யா" என்றான் முகுந்த், தட்டைப் பார்த்தபடியே.

"என்ன?"

"ராம்பிரசாத்துக்கு அந்த பெஞ்சைக் காட்டினதே நான்தான்."