எதற்கும் மசியாத படர்தாமரை

"மருந்துக் குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ ஐயா?"

"ஓம் பிள்ளை. வீட்டிலை ஒண்டும் மிச்சமில்லை."

டொக்டர் நிரோஜினி குனிந்து பார்த்தார். தியாகலிங்கத்தாரின் இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை, போன மாதத்தைவிட அகலமாகச் சிவந்து கிடந்தது. இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபரின் இடுப்பல்லவா, அதுவும் அதிகாரத்தோடுதான் இருந்தது.

"துவாய், சாரம் எல்லாம் வெயிலிலை காயப்போடுறியளோ?"

"காயப்போட்டு, அயன் பண்ணித்தான் உடுக்கிறன். இவவைக் கேளுங்கோ."

பக்கத்தில் நின்ற மனைவி பத்மாசினி தலையை மட்டும் ஆட்டினார்.

"கடையிலை கண்ட கண்ட பூச்சு மருந்து வாங்கிப் பூசேல்லையோ?"

"சீச்சீ! நீங்கள் பேசினதுக்குப் பிறகு உதைத் தொடுவனே?"

நிரோஜினிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முதல் மருந்துக்கும் மாறவில்லை, அடுத்ததற்கும் மாறவில்லை, இப்போது கடைசி மருந்துக்கும் மாறவில்லை! எந்த மருந்துக்கும் மசியாத பூஞ்சை, அதுவும் அவருடைய கிளினிக்கில்! அடுத்த மாதம் கொழும்பு மருத்துவ மாநாட்டில் இதைப் பற்றித்தான் பேசப் போகிறார். படங்கள் தயார். கட்டப்போகும் சேலைகூடத் தெரிவாகிவிட்டது. மனுசன் சொறிந்து சாகிறார், இவருக்கோ சந்தோசத்தில் பிடிபடாத புளுகம்.

ஒரேயொரு பயம்தான். "நோயாளி மருந்தை விழுங்கினதை நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?" என்று மாநாட்டில் யாராவது எழும்பிக் கேட்டால் மானம் போய்விடும். அந்த ஓட்டையையும் அடைத்துவிட வேண்டும்.

"ஐயா, நாளைக்கே வந்து ஆஸ்பத்திரி வாட்டிலை படுங்கோ. இனி குளிசையை வீட்டுக்குத் தரமாட்டம். நேர்ஸ் மிஸ்ஸி உங்கடை வாயிலை போட்டு, தண்ணி பருக்கி, விழுங்கினதைப் பாத்திட்டுத்தான் போவா."

தியாகலிங்கத்தாரின் முகம் கறுத்துப் போனது.

"வீட்டுக்குத் தரமாட்டியளோ? ஒண்டுகூட?"

"ஒண்டுகூடத் தரேலாது."

பத்மாசினிக்கு அழுகை வெடித்தது. "ஐயோ! அப்ப மயூரதனுக்கு என்னத்தை அனுப்புறது?"

"ஆர் மயூரதன்?"

"கனடாவிலை இருக்கிற எங்கடை மகன். அவனுக்கும் உதுதான் டொக்டர். அங்கை தோல் டொக்டரைப் பாக்க மாசக்கணக்கிலை காத்திருக்கவேணுமாம். நீங்கள் தந்த குளிசை முழுக்க, போற ஆக்களிட்டை மிளகாய்த்தூளோடை குடுத்து அனுப்பினனாங்கள். அவனுக்கு வடிவா மாறிட்டுது. இப்ப மருமேளுக்குத் தொடங்கியிருக்கு."

நிரோஜினி கதிரையில் பொத்தென்று இருந்தார். மாநாடு, படங்கள், சேலை எல்லாம் போச்சு.

"அப்ப ஐயா... நீங்கள் இவ்வளவு நாளும் ஒரு குளிசையும் போடேல்லையோ?"

தியாகலிங்கத்தார் இடுப்பைச் சொறிந்தபடி, படிக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

"நான் போட்டு எனக்கு மாறியிருந்தா, நீங்கள் பிறகு குளிசை தருவியளே?"