இரண்டு லோடு கல்

துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளமாய் ஒரு கற்சுவர் கட்டினார்கள். கல் கொட்டிய லாரிகளில் ஒன்று மிக்கேலுடையது. சுவருக்கு உள்ளே கப்பல்கள் அசையாமல் நின்றன. அலைகளோ வடக்கே திரும்பி, அவன் தங்கை பிரகாசி வாழ்க்கைப்பட்ட ஊரின் மணலைத் தின்னத் தொடங்கின.

போன முறை அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். இம்முறை முற்றமே இல்லை. பிரகாசி அடுப்படியில் இலை போட்டு, பெரிய மீன் துண்டாய்ப் பார்த்து வைத்தாள்.

"கடலுக்கு எங்க மேல என்ன கோவமோ தெரியலண்ணே" என்றாள். "நீ கல்லு லாரிதான ஓட்டுற? நம்ம வீட்டு முன்னால ரெண்டு லோடு கொட்டேன்."

எல்லாம் தான் கொட்டிய கல்லால் வந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "கொட்டுறேம்மா" என்று வந்தது.

கொட்டினான். கடல் அவள் வாசலை விட்டு விலகியது. அவள் ஊரெல்லாம் அண்ணன் பெருமை பேசினாள்.

அடுத்த முறை அவன் வந்தபோது, வடக்கு வீட்டுப் பெண் எஸ்கலின், பாதி சரிந்த தன் சுவரோரம் காத்து நின்றாள்.

"அண்ணே, எங்களுக்கும் ரெண்டு லோடு."

மிக்கேல் அவளைத் தாண்டி வடக்கே பார்த்தான். கரை நெடுக வீடுகள்.