நீலச் சட்டை

சாயங்கால வெயில் ஜன்னல் வழியே மேசையில் சரிந்து, நெப்போலியன் படையின் நீலச் சட்டைக்காரர்கள் மேல் விழுகிறது. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஈயச் சிப்பாய்கள். ஓய்வுபெற்ற கடிகாரக்காரர் வருஷக்கணக்காக ஒட்டி, தேய்த்து, வண்ணம் தீட்டிச் சேர்த்த பட்டாளம். கடைசிச் சிப்பாயை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கண்ணருகே பிடித்து, மூச்சை அடக்கித் தூரிகையை இழுக்கிறார். பிறகு மனைவியிடம் நீட்டுகிறார். "எப்படி வந்திருக்கு?" அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குகிறாள். அவருடையது பழகிய கை, ஒரு கோடுகூடப் பிசகவில்லை. சட்டைதான் பச்சை. எதிரிகளான ரஷ்யர்களுக்கென்று வாங்கி வைத்த கரும்பச்சை. அவள் அவர் முகத்தைப் பார்க்கிறாள். "அச்சு அசலா இருக்குங்க." "பாத்தியா! கண்ணு போயிடும்னு அந்த டாக்டர் சும்மா பயமுறுத்துறான்." சின்னப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார். "முன்வரிசையில நிறுத்து." நீலச் சட்டைகளுக்கு நடுவே அந்தப் பச்சைச் சட்டைக்காரனை அவள் மெல்ல நிறுத்துகிறாள். காயாத வண்ணம் விரலில் ஒட்டுகிறது. அவர் தூரிகையைத் தண்ணீரில் அலசியபடி சொல்கிறார்: "நீலத்த நல்லா மூடி வை. காஞ்சுடப் போகுது." அவள் பச்சைக் குப்பியை எடுத்து, மூடியைத் திருகி, இன்னும் இறுக்கித் திருகுகிறாள்.