செத்தவனுக்கு லீவு

ஆபீஸ் மேஜையிலேயே சரிந்து செத்த என் மகன் செழியனுக்கு, பதினாறாம் நாள் காரியத்தன்று பதவி உயர்வு வந்தது. அவன் மூளையை நகலெடுத்து இன்னும் வேலை வாங்குகிறார்கள். மேலாளர் லட்டோடு வீட்டுக்கே வந்தார். லட்டில் முந்திரிகூட இருந்தது.

“காரியம் முடியறவரைக்குமாவது அவனுக்கு லீவு கொடுங்க சார்.”

“சொந்தக்காரங்க செத்தாத்தான் லீவு ஐயா. தானே செத்தா ரூல்ஸ்ல இல்லையே.”

மகனையே போனில் கூப்பிட்டேன். “டேய், உசிரையே வாங்கிட்டானுங்க. இனிமேலாவது நிறுத்துடா!”

“மீட்டிங்ல இருக்கேன்பா. அப்புறம் பேசறேன்.”

வேலையில் சேர்ந்த நாள்முதல் இதே பதில்தான். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவன் படத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி, மேலாளர் கழுத்தில் போட்டேன்.