அரைக்கட்டை மேலே

கோட்டுச்சேரிமேட்டுத் திருவிழா மேடையில் ‘நீலக்கரை’ இசைக்குழுவின் பாடகர் சிதம்பரநாதன் தங்கள் புகழ்பெற்ற பாட்டைத் தொடங்குகிறார். இரண்டு வரி முடிவதற்குள் கூட்டம் முனகுகிறது. “கேசட்டுல உள்ள மாதிரி பாடுங்கண்ணே, தூக்கம் வருது” என்கிறான் ஒருவன். மாலை வகுப்பிலிருந்து நேராக வந்த நான் மேடையோரம் நிற்கிறேன். காரைக்காலில் விற்ற இந்தப் பாட்டின் கேசட்டுகள் எல்லாம் ஒரே கடையில் பதிந்தவை. பதியும்போது மூல டேப் வேகமாக ஓடியதால் பாட்டின் சுருதி அரைக்கட்டை மேலே ஏறிவிட்டது. மூன்று வருடமாக ஊருக்கு அதுதான் பாட்டு. “அரைக்கட்டை ஏத்துடா” என்கிறார் சிதம்பரநாதன். கித்தாரை அணைத்தபடி மருதையன் குனிகிறான். “வேணாண்ணே. பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல. தொண்ட போயிடும்.” “இவங்க போயிட்டா தொண்டைய வச்சு என்னடா பண்றது?” மருதையனின் விரல்கள் ஒரு கட்டம் மேலே நகர்கின்றன. டிரம் அதிர்கிறது, கடற்காற்றில் டியூப்லைட் ஆடுகிறது, கூட்டம் கைதட்டி எழுகிறது. உச்சவரியில் சிதம்பரநாதனின் கழுத்து நரம்பு புடைக்கிறது, வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. என் காதுதான் அடைத்துவிட்டதோ என்று மருதையனைப் பார்க்கிறேன். அவன் முகம் வெளுத்திருக்கிறது. சிதம்பரநாதன் சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறார். “நம்மளயே பாடச் சொல்றாருடி” என்று ஒருத்தி பூரிக்கிறாள். அத்தனை பேரும் அந்த வரியைக் கடல்வரை கேட்கப் பாடுகிறார்கள். வரி முடிகிறது. அடுத்தது அவருடையது. மைக் இன்னும் கூட்டத்தின் பக்கமே நீண்டிருக்கிறது.