எண் இல்லாத தடம்

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகையில் குத்தி எழுதிய ஆப்பு வடிவ எழுத்துகளைப் படத்தில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் கணினி எண் கொடுப்பது அவள் வேலை. எழுதியவனின் விரல்தடம் பதிந்திருந்தால் விட்டுவிட வேண்டும். தடத்துக்கு எண் கிடையாது.

அன்று வந்த படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. குறுக்கே தையல் போட்ட வடு. போன மாதம் இறந்த கணவனின் கட்டைவிரலை முன்பொருமுறை தகர மூடி கிழித்த அதே இடம், அதே கோணல்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? டீ சொல்லட்டா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு விரல் அகலம் இடம் விட்டு இன்னொரு தடம், சின்னது. நடுவில் கொப்புளம். நேற்றுத்தான் மகள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுக் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டாள்.

வீட்டிலிருந்த தங்கையைப் போனில் அழைத்தாள். "பாப்பா எங்கடி?"

"இங்கதான்க்கா. கதவு பூட்டினது பூட்டினபடி இருக்கு, எங்க போய் அளைஞ்சாளோ, கையெல்லாம் களிமண்ணு. கழுவவும் விடமாட்டேங்கிறா."

"ஏனாம்?"

"என்னமோ உளர்றாக்கா. நடுவுல அம்மா விரல் வைக்கணுமாம். அதுவரைக்கும் மண்ணு காயாம அப்பா பாத்துக்கிறாராம்."