குளிர் தாங்கும் தராசு

"கண்ணாடிக்குக் குளிருதாம்! அதுக்கு ஹீட்டர் வைக்கணுமாம்! விட்டா ஸ்வெட்டர் பின்னிப் போடச் சொல்லுவா போலிருக்கு, மாமா!"

மாப்பிள்ளை சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். குளிர்பதனக் கிடங்கின் வாசலில் நின்றிருந்த மாமனார் சிரிக்கவில்லை. டிஸ்ப்ளே கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் மச்சினியோ, கையைக் கட்டிக்கொண்டு அத்தானை ஏற இறங்கப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். கிடங்கு முழுக்க ஐஸ்கிரீம். வெளியே கொண்டுவந்து எடை போட்டால் இளகிவிடும் என்று உள்ளேயே ஒரு தராசு வைத்திருந்தார்கள். அதன் திரை குளிரில் படுத்தி எடுத்தது. பெட்டியை வைத்தால் எண் மாற ஒரு யுகம் ஆகும். போன பெட்டியின் எண் போகமாட்டேன் என்று புதுப் பெட்டியின் எண்மேல் பேய் மாதிரி நிற்கும். எடை போடப் போன ஆள் விறைத்துப்போய்த்தான் வெளியே வருவான்.

"திரைக்குள்ள இருக்கிறது ஒரு மாதிரி திரவம்ப்பா. குளிர்ல அது பாகு மாதிரி கெட்டிப்பட்டுடும். அதான் எண் நகர மாட்டேங்குது. பின்னால மெல்லிசா ஒரு ஹீட்டர் தாள் ஒட்டினா சரியாயிடும். இல்லேன்னா கடுங்குளிர் தாங்குற திரையா பார்த்து வாங்கணும்" என்று மச்சினி போன வாரமே சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அவர் கிடங்குச் சாவிக்குத் தவம் கிடக்கிறார். மாமனாரோ "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறார். இந்த லட்சணத்தில், நேற்று முளைத்த மச்சினி வந்து நல்ல பேர் வாங்கிக்கொண்டு போவதா? சனிக்கிழமை சாயங்காலம் கெஞ்சிக் கூத்தாடிச் சாவியை வாங்கி, கடைத்தெருவில் பிடித்த ஒரு புதுத் தராசை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஞாயிறு விடுமுறை. இன்று திங்கள். மொத்தச் சரக்கையும் ஏற்றிக்கொள்ள சூப்பர் மார்க்கெட் லாரி வந்துகொண்டிருந்தது. இந்த ஆர்டர் நல்லபடியாகப் போனால்தான் மாமனார் இந்த வருஷம் மூச்சு விட முடியும்.

"எவ்வளவு குளிர் தாங்கும்னு கடையில கேட்டீங்களா அத்தான்?" என்றாள் மச்சினி.

"எடை போடுமான்னு கேட்டேன். போடும்னான். அது போதும்."

"டப்பாவுல போட்டிருக்குமே, படிக்கலையா?"

"டப்பாவைப் படிக்கிறதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சிருக்கோமே, இன்ஜினியரம்மா! எனக்கு வேலை இருக்கு. மாமா, நீங்க இப்படி வந்து பாருங்க."

கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகத் தராசின் முகம் மட்டும் நேராகத் தெரிந்தது. அழகு பார்க்க அதன்மேல் ஒரு பெட்டியையும் ஏற்றி வைத்திருந்தார் மாப்பிள்ளை. எண்கள் கன்னங்கரேலென்று பளிச்சிட்டன.

"அட!" என்றார் மாமனார்.

"இதுக்கே அடன்னா எப்படி? இன்னும் கொஞ்சம் பாருங்க."

எண் மாறியது. சற்று நேரத்தில் மறுபடியும் மாறியது. கடைசி எண் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது, துளி இழுவை இல்லை.

"டக்கு டக்குன்னு மாறுது பார்த்தீங்களா? எங்கே போச்சு இவளோட பாகு? ஒரு மனுஷன் கடைக்குப் போய் வாங்கிட்டு வர்ற சாமானுக்கு, இவ காலேஜ் பாடமெல்லாம் எடுக்கிறா!"

"நல்லாத்தான் மாறுது. ஆனா பெட்டி சும்மாதானே இருக்கு மாப்பிள்ளை? எடை எதுக்குக் குறையுது?"

மாப்பிள்ளை கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினார்.

"அது நுணுக்கம் மாமா! பழைய தராசுக்குக் கிலோதான் தெரியும், இதுக்குக் கிராம் தெரியும். உள்ள காத்து அசைஞ்சாக்கூடக் கண்டுபிடிச்சிடும்."

"உள்ளே போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேனே" என்று மாமனார் பூட்டைத் திறந்து கதவில் கை வைத்தார். மாப்பிள்ளை பாய்ந்து குறுக்கே நின்றார்.

"லாரி வர்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. இருக்கிற குளிரெல்லாம் வெளியே போயிடும். இந்த அக்கறை வேற யாருக்காவது இருக்கா சொல்லுங்க!"

கிடங்கின் பின்பக்கம் மெஷின் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது. மாமனார் மனசு இளகி, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினார். மாப்பிள்ளைக்கு ஆனந்தத்தில் கண்ணே கலங்கிவிட்டது. வாங்கிய கையோடு மச்சினியை ஒரு பார்வை பார்த்தார்.

அவள் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டாள்.

"இது பேட்டரியில ஓடுதா அத்தான், கரண்ட்லயா?"

"கரண்ட்ல. பழைய தராசு மாதிரி பேட்டரி போட்டா குளிர்ல படுத்துடும்னு எனக்குத் தெரியாதா? நீ ஒருத்திதான் அறிவாளியா?"

"உள்ளே இருக்கிறதே ஒரே ஒரு ப்ளக்தானே?"

"ஆமா. செவுத்து மேல ஒரு பெரிய ஃபேன் வெட்டியா சுத்திக்கிட்டிருந்தது. சனிக்கிழமையே அதைப் பிடுங்கிட்டு இதைச் சொருகிட்டேன்" என்று மாப்பிள்ளை சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றினார். "குளிர்ற ரூமுக்கு ஃபேன் எதுக்குங்கிறேன்?"

"அய்யய்யோ, குளிரை உள்ளே ஊதுறதே அந்த ஃபேன்தான்யா!" என்று அலறி மாமனார் கதவை இழுக்க, ஒரு கிடங்கு ஐஸ்கிரீமும் வாசல் தாண்டி வழிந்து வந்து மாப்பிள்ளையின் காலை நனைத்தது.